வண்டியைக் குற்றம் சொல்லாத டிரைவர்

மழை பெய்தால்கூட அவர் மன்னிப்புக் கேட்பார்.

பிள்ளைகளே, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காலையில் நம் லயத்து வீடுகளுக்குக் கீழே, டர்பன்டைன் மரத்தடியில் நீங்கள் புத்தகப் பைகளை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நிற்பீர்கள். பின்னால் பெஞ்சு போட்ட கெப் வண்டி வந்து நிற்கும். அவர் இறங்கி வந்து உங்கள் நனைந்த தலைகளைப் பார்ப்பார். இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் சேர்த்துக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க பிள்ளைகளா, நனைஞ்சிட்டீங்களே. நான் கொஞ்சம் முந்தி வந்திருக்கணும்" என்பார். வண்டி நேரத்துக்குத்தான் வந்திருக்கும். மழைதான் முந்தி வந்திருக்கும்.

நீங்கள் டிரைவர் மாமா என்று கூப்பிட்டவர் அவர். எங்களுக்கெல்லாம் அண்ணே. இப்போது ஹல்துமுல்லையில் மகள் வீட்டோடு இருக்கிறார். அவர் பேரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால், "எனக்காக இவ்வளவு தாள வீணாக்கிட்டியே தம்பி" என்று அதற்கும் மன்னிப்புக் கேட்பார்.

போன வாரம் சின்னவளின் டீச்சர் என்னை வழியில் கண்டு, "உங்க மகள் ரொம்ப நல்ல பிள்ளை. எதுக்கெடுத்தாலும் முதல்ல சொரின்னு மன்னிப்புக் கேக்குது" என்றார். பெற்றவனுக்குச் சந்தோஷம் வரவேண்டிய பேச்சு. எனக்கு டிரைவர் அண்ணேதான் ஞாபகத்துக்கு வந்தார். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பெரியவன் திருத்திக்கொள்ளட்டும்.

ஒரு வருஷம் கோயில் திருவிழாவில் பாட்டு திடீரென்று நின்றுபோனது. ஸ்பீக்கர்காரர் வயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எவன்டா மிதிச்சது?" என்று கத்தினார். நம் டிரைவர் அண்ணே எங்கேயோ தள்ளி நின்று தேங்காய் உடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அங்கிருந்து வந்து, "நானாத்தான் இருக்கும் தம்பி. வரும்போது கால்ல என்னமோ தட்டுச்சு" என்றார். அந்த ஆள் ஊர் முன்னால் அவரை ஏசித் தீர்த்தார். பிறகு பார்த்தால் வயரை எலி கடித்திருந்தது. எல்லாரும் சிரித்தோம். அவர் என்ன செய்தார் தெரியுமா? ஸ்பீக்கர்காரரிடம் மறுபடி போய், "தப்பான ஆள ஏச வச்சிட்டேன் தம்பி, மன்னிச்சுக்குங்க" என்றார்.

பீலியடியில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது யாராவது ஆரம்பிப்பார்கள்.

"அண்ணே, நேத்து கரண்ட் போச்சே. நீங்கதானா?"

"சொல்ல முடியாது. நேத்துத்தான் வீட்டுல பல்பு மாத்துனேன்" என்பார் அவரும். சிரிப்பார். ஆனால் சிரித்து முடித்த பிறகு கேட்டவனின் முகத்தை ஒருதரம் பார்ப்பார், நிஜமாகவே கோபமாக இருக்கிறானோ என்று. அதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். கண்டும் நானே கேட்டிருக்கிறேன்: "அண்ணே, தேயில வெல எறங்கிருச்சாமே. அங்கயும் உங்க வேலதானா?"

ஒருநாள் பதுளைக்குப் போகும்போது முன் சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "ஏண்ணே, செய்யாத தப்புக்கெல்லாம் எதுக்குத் தலையக் குடுக்கிறீங்க?" என்று கேட்டேன். ரோட்டை விட்டுக் கண் எடுக்காமல் சொன்னார்.

"எங்கம்மா சொல்லிக் குடுத்தது தம்பி. காலையில பெரட்டுல வேலை பிரிக்கிறதுக்கு எல்லாரும் நிப்பாங்கல்ல. முந்துன நாள் எடுத்த கொழுந்து கொறஞ்சவங்கள கங்காணி அங்கதான் கூப்புட்டு ஏசுவாரு. அவரு வாயத் தொறக்கிறதுக்கு முந்தி நாமளே தப்புன்னு சொல்லிரணும்பாங்க அம்மா. பொறவு அவருக்கு ஏச ஒண்ணும் இருக்காதில்ல?"

"மலை காஞ்சு கெடந்தா கொழுந்து எங்க இருந்துண்ணே வரும்?"

"அத யாரு பாக்கிறா? கொழுந்து கொறஞ்சா கை சரியில்ல. அவ்வளவுதான். ஆமாங்க, கை சரியில்லீங்கன்னு சொல்லிட்டா சோலி முடிஞ்சிரும். அரைப்பேரு போட்டுட்டு அனுப்பிருவாரு."

அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம். நம் லயத்தில் அதை அறியாதவர்கள் கிடையாது. அன்றைக்கு நான் அவர் சொன்னதை ஒரு பகிடிக் கதை மாதிரிக் கேட்டுவிட்டு, வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வண்டி விஷயத்திலும் அப்படித்தான். பெட்டரி இறங்கினால், "நான் லைட்ட அணைச்சேனோ என்னமோ." டயரில் ஆணி ஏறினால், "நான் கொஞ்சம் பாத்து வந்திருக்கணும்." கெப் வண்டி கடைவீதி முதலாளியுடையது. பஸ் ஏறாத நம் தோட்டத்தின் மேல் டிவிஷனுக்கு அது ஒன்றுதான் துணை. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சுகமில்லாதவர்களும் மரக்கறி மூட்டைகளும் அதில்தான் போகவேண்டும். முதலாளி கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் பெருமையாகச் சொல்வார், "இவர மாதிரி டிரைவர் கெடைக்காது. இத்தன வருஷத்துல வண்டியப் பத்தி ஒரு முறைப்பாடு சொன்னதில்ல."

முதலாளியின் மகன் கொழும்பிலிருந்து வந்து கடையைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கியிருந்த காலம். சின்ன முதலாளி கெட்ட பிள்ளை இல்லை. வண்டிகள் என்றால் உயிர். சனி ஞாயிறுகளில் வெள்ளைக்காரர்களை மலை உச்சிக்கு ஏற்றிப்போய்ச் சூரிய உதயம் காட்டலாம் என்று அவனுக்கு ஒரு யோசனை. அதற்கு வண்டி கொஞ்சம் எடுப்பாக இருக்கவேண்டுமாம். பண்டாரவளையில் ஒரு கராஜில் விட்டு, அகலமான டயர் போட்டு, நாலு சக்கரத்துக்கும் ஸ்பேசர் வைத்துக் கொண்டுவந்தான்.

ஸ்பேசர் என்பது கனமான ஒரு அலுமினிய வளையம். வண்டியில் சக்கரத்தை மாட்டுகிற இடத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் அதை வைத்து இறுக்குவார்கள். சக்கரம் அந்த அளவுக்கு வெளியே தள்ளி நிற்கும். நம் கெப் வண்டியின் சக்கரங்கள் மட்காட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றன. சண்டியன் தோளை விரித்துக்கொண்டு நடப்பது மாதிரி வண்டி வந்தது. நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். பெரியவனே, நீ அந்தச் சக்கரத்தின் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு போட்டோ எடுத்தாய். எடுத்தது நான்தான்.

"எப்படிண்ணே ஓடுது?" என்று சின்ன முதலாளி எங்கள் முன்னால்தான் கேட்டான்.

"வண்டிக்கு என்னா சின்னவரே, நல்லாத்தான் இருக்கு. நாந்தான் கொஞ்சம் பழகணும்."

அதற்குப் பிறகுதான் அவர் மாறினார்.

முதலில் அவர் தோளைக் கண்டேன். முன்பெல்லாம் வளைவுகளில் ஸ்டியரிங்கைச் சும்மா தடவிக்கொடுப்பது போலத் திருப்புவார். இப்போது உடம்பு முழுவதும் சேர்ந்து திரும்பியது. பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய வண்டி அது. ஒரே மடக்கில் எடுத்துக்கொண்டிருந்த வளைவில் இப்போது டயர் மட்காட்டில் உரசியது; பின்னால் எடுத்து மறுபடி திருப்பவேண்டியிருந்தது. நான் பக்கத்தில் இருந்துகொண்டு, "என்னாண்ணே, ஸ்டியரிங்கோட மல்லுக்கட்டா?" என்றேன்.

"வயசாகுதில்ல தம்பி" என்றார்.

பிறகு, பீலியடியில் ஒரு வாளியை நிறைத்து வைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் தூக்குவதும் இறக்குவதுமாக நின்றார். பொம்பளைகள் விடுவார்களா?

"யாரோட சண்டைக்குப் போறீங்கண்ணே?"

"கை சோம்பேறியாயிருச்சு தங்கச்சி. அதுக்கு வேலை குடுக்கிறேன்."

"அண்ணிய ஒரு அடி அடிச்சுப் பாருங்க, கை வருதா இல்லியான்னு தெரியும்."

"அந்தக் கைய அவ ஒடச்சிட்டான்னா வண்டிய யாரு ஓட்டுறது?" என்றார். பீலியடியே சிரித்தது.

தோட்டத்து டிஸ்பென்சரிக்கும் போனார். அங்கே இருந்த யாழ்ப்பாணத்து ஐயா கையைப் பிடித்து, மடக்கி, நீட்டிப் பார்த்துவிட்டு, "கையில ஒண்டும் இல்லையே. நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டார். அண்ணே அதை நம்பவில்லை. "ஐயா நல்ல மனுஷன். வயசானவன் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றாரு" என்று என்னிடம் சொன்னார். கொஞ்ச நாளில் வலதுகைப் பெருவிரலில் துணி சுற்றியிருந்தது. கேட்டதற்கு, கதவில் நசுங்கிவிட்டது என்றார். உங்கள் அம்மா அதைப் பார்த்துவிட்டு எண்ணெய் காய்ச்சி ஒரு போத்தலில் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். ஒரு போத்தல் எண்ணெய்க்கு இவ்வளவா என்று உங்கள் அம்மா வீட்டுக்கு வந்து சொன்னாள்.

அடுத்தது உங்களுக்கே தெரியும். ஆனால் சின்னவள் அப்போது சின்னப் பிள்ளை. சரியாக ஞாபகம் இருக்குமோ தெரியாது.

மதகுக்கு முந்திய வளைவில், இறக்கத்தில், வலது முன் சக்கரம் ஒரு கல்லில் ஏறியது. ஸ்டியரிங் அவர் கையை விட்டுத் தானாகச் சுழன்றதாம். பெரியவனே, நீதான் அதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாய். வண்டி ரோட்டுக்குக் குறுக்கே பாய்ந்து மண்மேட்டில் மோதி நின்றது. மண்மேடு இருந்த பக்கம் பாய்ந்ததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மற்றப் பக்கம் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தீர்கள். சின்னவளின் உதடு பெஞ்சு இரும்பில் பட்டுக் கிழிந்தது.

அவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறி ஓடிவந்தார். சட்டை எல்லாம் ரத்தம். வாசலில் வந்து நின்று, "கை வழுக்கிருச்சு தங்கச்சி. என் கைதான். என் கைதான்" என்றார். அம்மா சின்னவளை வாங்கிக்கொண்டாள். அழுதுகொண்டே, அவருக்கும் ஒரு செம்பில் தண்ணீர் கொடுக்கச் சொன்னாள்.

அடுத்த நாள் அவர் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டார். "கை போயிருச்சு முதலாளி. இனி ஓட்டக் கூடாது" என்றாராம். அந்த மனிதருக்கு வண்டி ஓட்டுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது. இளவட்டத்திலிருந்து ஸ்டியரிங் பிடித்த கை. மற்றவர்கள் கோபித்துக்கொண்டு வேலையை விட்டால் கூப்பிட்டால் திரும்பி வருவார்கள். கை போய்விட்டது என்று சொன்னவரை யார் திரும்பக் கூப்பிடுவார்கள்? அவர் தன் லயத்துக் காம்பிரா அறைக்குள்ளேயே இருந்துகொண்டார். பீலியடிக்குக்கூட அவர் பெண்சாதிதான் வந்தாள். அங்கே யாரும் பகிடி பேசவில்லை.

வேறு ஆள் கிடைக்கும்வரை காலையில் பிள்ளைகளை ஏற்றிப் போகமுடியுமா என்று முதலாளி என்னைக் கேட்டார். நான் ஓட்டுகிற கொழுந்து லொறிக்குப் பிறகு போனால் போதும். சரி என்றேன். கை பழகட்டும் என்று, பிள்ளைகள் ஏறுவதற்கு முந்தி வெறும் வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தேன்.

கல் ரோடு தொடங்கும் இடத்தில் யாரோ என் கையிலிருந்து ஸ்டியரிங்கைப் பிடுங்கினார்கள். அப்படித்தான் இருந்தது. இன்னொரு ஆள் கீழே உட்கார்ந்துகொண்டு மற்றப் பக்கத்திலிருந்து திருப்புவதுபோல. மெதுவாகத்தான் போனேன். மறுபடி ஒரு கல். ஸ்டியரிங்கின் கம்பி சுழன்று வந்து என் பெருவிரலில் அடித்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வண்டியை ஓரம் கட்டினேன். விரலைப் பார்த்தேன். கதவில் நசுங்கியது மாதிரித்தான் இருந்தது.

பிள்ளைகளே, அந்த இடத்தில் நான் தனியாகத்தான் நின்றேன். கீழே கொழுந்து எடுக்கிற பொம்பளைகள்கூட என்னைப் பார்க்கவில்லை. ஆனாலும் எல்லாரும் பார்ப்பதுபோல் கூசியது. நானும் டிரைவர்தான். லொறி ஓட்டுகிறவன். எத்தனை நாள் அந்த மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோள் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். மல்லுக்கட்டா என்று கேட்டேனே தவிர, கொஞ்சம் இடம் விடுங்கண்ணே, நான் ஒருதரம் பிடித்துப் பார்க்கிறேன் என்று கேட்கவில்லை. அவர் தன் கையைச் சொன்னார். நானும் அவர் கையைத்தான் பார்த்தேன்.

அன்றைக்கு உங்களை ஏற்றவில்லை. நடந்துபோகச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டு போனீர்கள்.

சின்ன முதலாளியைக் கூட்டிக்கொண்டு பண்டாரவளைக் கராஜுக்குப் போனேன். மெக்கானிக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வண்டியைத் திரும்பிப் பார்த்ததுமே, "ஸ்டியரிங் அடிக்குதாக்கும்" என்றார்.

"எப்படித் தெரியும்?" என்றேன்.

"முன் சக்கரத்துக்கு ஸ்பேசர் போட்டு, அதுக்கு மேல அகல டயரும் போட்டா, கல்லு ரோட்டுல அடிக்காம என்னா செய்யும்? போடும்போதே சின்னவருகிட்ட சொன்னேனே, பாரமாகும்னு."

நான் விளங்காமல் நின்றேன். அவர் சோற்றுக் கையாலேயே கராஜ் கதவைக் காட்டினார். "அந்தக் கதவ, கீல் இருக்கிற பக்கத்துல தள்ளிப் பாருங்க." தள்ளினேன். அசையவில்லை. "இப்ப ஓரத்துல தள்ளுங்க." விரலால் தொட்டதும் திறந்துகொண்டது.

முன் சக்கரமும் இடமும் வலமும் திரும்புவதற்குக் கீல் மாதிரி ஒன்று உள்ளே இருக்கிறது. சக்கரம் அதற்குக் கிட்ட இருந்தால், கல் வந்து இடித்தாலும் கீல் பக்கத்தில் தள்ளின கதவு மாதிரி பெரிதாக அசையாது. சக்கரத்தை வெளியே தள்ளி வைத்தால் கல் கதவின் ஓரத்தில் தள்ளுகிறது. அந்த இழுப்பு முழுவதும் டிரைவரின் கைக்கு வரும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வந்தால் பரவாயில்லை. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் கல்லில் மாட்டினால், அந்தப் பக்கமே வண்டி ஓடும். பின் சக்கரம் திரும்புவதில்லை, அதனால் பின்னால் போட்டால் ஸ்டியரிங்குக்கு இந்த இழுப்பு இல்லை என்றும் சொன்னார்.

சின்ன முதலாளி சுவரில் சாய்ந்துகொண்டான்.

"கொஞ்சம் பாரமாகும்னுதான் சொன்னாங்க. நான் அண்ணேகிட்ட கேட்டேன். நீங்க எல்லாரும் இருக்கும்போதுதான் கேட்டேன். நல்லாத்தான் இருக்குன்னாரு. அவரே சொல்லும்போது வேற என்னா நினைக்கிறது?"

அவனை ஏசுவதற்கு எனக்கு வாய் வரவில்லை. நாலு ஸ்பேசரையும் கழற்றி, பழைய டயரைப் போட்டுக்கொண்டு திரும்பினோம். வரும் வழியில் வேண்டுமென்றே கல் மேல் ஏற்றிப் பார்த்தேன். ஸ்டியரிங் கொஞ்சம் உதறியது, பிறகு கைக்குள் அடங்கிக்கொண்டது.

பொழுது சாய்வதற்குள் அவர் காம்பிராவுக்குப் போனேன். சந்தோஷச் செய்தி கொண்டுபோகிறவன் மாதிரித்தான் போனேன். அவர் ஒரு பலகையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கராஜ் கதவுக் கதையை முழுவதும் சொன்னேன்.

"அப்ப, கை?" என்றார்.

"உங்க கையில ஒண்ணுமே இல்லண்ணே. ஐயா சொன்னது நெசம். எனக்கும் அடிச்சுச்சு, இங்க பாருங்க" என்று விரலைக் காட்டினேன்.

என் விரலை வாங்கிப் பார்த்தார். பிறகு தன் இரண்டு கைகளையும் மடியில் மலர்த்தி வைத்துப் பார்த்தார். சிரிப்பார் என்று காத்திருந்தேன்.

"அந்த வண்டியிலயா இவ்வளவு நாளும் பிள்ளைங்கள ஏத்துனேன்?"

"உங்களுக்குத் தெரியாதேண்ணே."

"ஸ்டியரிங் புடுங்குதுன்னு தெரியும் தம்பி. மொத நாளே தெரியும். கைன்னுதான் நெனச்சேன். சரி, கைன்னே வச்சுக்க. கை போனவன் பிள்ளைங்கள ஏத்தலாமா? வெக்கமா இருந்துச்சு. கை போச்சுன்னு தெரிஞ்சா சாவிய வாங்கிருவாங்க. பொறவு நான் யாரு? அதான் கதவுல நசுங்குச்சுன்னு சொன்னேன். ஒரு நாள் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு…"

ஊரில் நடக்கிற எல்லாத் தப்புக்கும் தலையைக் கொடுத்த மனிதர், தன்னுடையது என்று நினைத்த ஒன்றை மட்டும் துணி சுற்றி மறைத்து வைத்திருக்கிறார். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"பரவாயில்லண்ணே."

"பரவாயில்லன்னு சொல்லாத" என்றார். அவர் அப்படி வெட்டிப் பேசி நான் கேட்டதில்லை. "அந்தப் புள்ள ஒதடு கிழிஞ்சிருக்கு."

காலையில் அவர் மரத்தடிக்கு வந்தார். வண்டியைச் சின்ன முதலாளி கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். அண்ணே திரும்பவும் ஓட்டவேண்டும் என்று முதலாளியும் சொல்லியனுப்பியிருந்தார். தகப்பன்மாரும் தாய்மாரும் நின்றார்கள். ஸ்பேசர் கதை அதற்குள் எல்லா லயத்துக்கும் போயிருந்தது. அவர் வண்டியில் ஏறாமல் நடுவில் வந்து நின்றார். கைகளை நெஞ்சுக்கு முன்னால் சேர்த்தார்.

"நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். எல்லாரும் மன்னிச்சுக்கணும்" என்றார்.

கூட்டத்தில் ஒருவன், "அண்ணே ஆரம்பிச்சிட்டாரு!" என்றான். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. வண்டிதான் பிழை, அவர் கை நல்ல கை என்ற சந்தோஷத்தில்தான். இன்னொருவன், "பண்டாரவளைக் கராஜுக்கும் சேத்து நீங்களே கேட்டுருங்கண்ணே" என்றான். மறுபடி சிரிப்பு. அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "இல்ல, இது நெசமாவே…" என்று தொடங்கினார். சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. அவர் என்ன சொல்ல வருகிறார் என்பதும் அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் உங்கள் அம்மா சின்னவளின் கையை விட்டுவிட்டு முன்னால் வந்தாள். முந்திய இரவு நான் அவளிடம் எல்லாம் சொல்லியிருந்தேன்.

"யாரும் சிரிக்காதீங்க" என்றாள். "அண்ணே, தப்புத்தான். நீங்க சொல்லியிருக்கணும். வண்டியோ கையோ, அத நாங்க பாத்துக்குவோம். எம் பிள்ளைய ஏத்துறதுக்கு முந்தி எங்கிட்ட சொல்லியிருக்கணும். நான் எண்ணெ கொண்டாந்து குடுத்த அன்னைக்காச்சும் சொல்லியிருக்கலாமில்ல? வாங்கிக்கிட்டுப் போனீங்களே!"

சிரிப்பு நின்றுவிட்டது. நான், "விடு, பரவாயில்ல" என்று அவள் கையைப் பிடித்தேன்.

"நீங்க சும்மா இருங்க. எல்லாத்துக்கும் பரவாயில்ல, பரவாயில்ல."

அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். நெஞ்சுக்கு முன்னால் சேர்ந்திருந்த கைகள் பிரிந்து கீழே வந்தன.

"ஆமா தங்கச்சி" என்றார்.

"இனி வண்டியில எது அசைஞ்சாலும் நிப்பாட்டணும். நிப்பாட்டிட்டுச் சொல்லணும். ஸ்கூலுக்கு லேட்டானா ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு அம்மா சின்னவளைத் தூக்கி வண்டிக்குள் வைத்தாள்.

அவர் உடனே ஏறவில்லை. வண்டியைச் சுற்றி நடந்தார். ஒவ்வொரு சக்கரத்தின் முன்னாலும் குனிந்து, நட்டுகளைக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். வலது பின் சக்கரத்தில் நின்றுவிட்டார். ஸ்பேனரை எடுத்து வைத்து அழுத்தினார். நட்டு திரும்பியது. அடுத்ததை வைத்தார். அதுவும் திரும்பியது.

சக்கரத்தைக் கழற்றி மாட்டினால், கொஞ்ச தூரம் ஓடிய பிறகு மறுபடி எல்லா நட்டையும் இறுக்கவேண்டும். ஸ்டியரிங் பிடிக்கிற எவனுக்கும் தெரிந்த விஷயம். பண்டாரவளையிலிருந்து அந்த வண்டியை ஓட்டிவந்தவன் நான்.

அவர் நிமிர்ந்தார். அத்தனை பேர் முன்னால் என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீ இறுக்கிப் பாக்கலியா?"

"இல்லண்ணே. மறந்துட்டேன்."

"பாத்திருக்கணும்" என்றார். "பிள்ளைங்க போற வண்டி."

பிறகு குனிந்து மிச்ச நட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கத் தொடங்கினார். பிள்ளைகளுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. நான் காது சுட, அவர் தலையிலிருந்து கழற்றி வைத்த தொப்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.